பல்டி அடிக்கிறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு: ரோம்னி சறுக்கின இடத்துல டிரம்ப் எப்படி நின்னாரு?

வணக்கம். முதல்ல ரெண்டு தேதி சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க.

1999 அக்டோபர். என்.பி.சி. பேட்டியில டொனால்ட் டிரம்ப் சொல்றாரு: கருக்கலைப்பு எனக்குப் பிடிக்காது, ஆனா அது பெண்ணோட உரிமை, அந்தப் பக்கம்தான் நான். 2022 ஜூன் 24. அவர் நியமிச்ச மூணு நீதிபதிகளும் உட்கார்ந்திருக்கிற சுப்ரீம் கோர்ட், 1973-ல கொடுத்த அதே உரிமையை ரத்து பண்ணுது.

பல்டிதான், சந்தேகமே இல்ல. ஆனா இதே பல்டியை டிரம்போட ரிபப்ளிகன் கட்சிக்காரரான மிட் ரோம்னியும் அடிச்சாரு. அவரை வருஷக்கணக்கா விடாம துரத்தினாங்க. டிரம்பை ஏன் விட்டாங்க?

ஒரு விஷயம் புரிஞ்சா மீதி புரியும். அமெரிக்காவுல நீங்க ரெண்டு தடவை ஜெயிக்கணும். முதல்ல சொந்தக் கட்சிக்குள்ள நடக்கிற வேட்பாளர் தேர்வு, ப்ரைமரி. அதுக்கப்புறம்தான் பொதுத் தேர்தல். ப்ரைமரியில ஓட்டுப் போட வர்றவங்க வேற ஆளுங்க. 2008-ல ரிபப்ளிகன் கட்சியோட முதல் போட்டி நடந்த அயோவாவுல, ஓட்டுப் போட வந்தவங்கள்ல 60 சதவீதம் பேர் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவங்க, அதாவது பைபிளை அப்படியே நம்புற, கருக்கலைப்பைக் கடுமையா எதிர்க்கிற கூட்டம். அவங்களைத் தாண்டாம அடுத்த ஊருக்கே போக முடியாது. ரோம்னி எங்கிருந்து வந்தவரு? மாசசூசெட்ஸ். அங்க கருக்கலைப்பை எதிர்த்தா கவர்னர் ஆகவே முடியாது. அப்போ ஒரு கட்டத்துல திரும்பித்தான் ஆகணும்.

எப்படித் திரும்பினாருன்னு பாருங்க. 1994 செனட் தேர்தல்ல எதிர்த்து நின்ன டெட் கென்னடியோட நடந்த விவாதத்துல, கருக்கலைப்பு சட்டப்படியும் பாதுகாப்பாவும் இருக்கணும்னு சொன்னதோட நிறுத்தல. சட்டவிரோதமா கருக்கலைப்பு செஞ்சு இறந்துபோன நெருங்கின சொந்தக்காரப் பெண்ணைப் பத்தியும் பேசினாரு. இது பெரிய தப்பு. கொள்கையை மாத்திக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. குடும்பத்துச் சாவை ஆதாரமா வச்சுப் பேசிட்டு அப்புறம் மாத்தினா, அந்த வீடியோ சாகிற வரைக்கும் கூடவே வரும். வந்துச்சு.

அப்புறம் காரணம். 2004 நவம்பர்ல ஸ்டெம் செல் ஆராய்ச்சி பத்தி ஹார்வர்ட் விஞ்ஞானி ஒருத்தரோட பேசினேன், அப்பதான் மனசு மாறுச்சுன்னு சொன்னாரு. அந்த விஞ்ஞானியோ, பேச்சு அப்படிப் போகலன்னு மறுத்துட்டாரு. மனமாற்றக் கதையில ரெண்டாவது ஆள் ஒருத்தர் இருந்தா இதுதான் ஆபத்து. அவரும் வாயைத் திறப்பாரு.

மூணாவதுதான் முக்கியம். கவர்னரா இருந்தப்போ, 2005 ஜூலையில அவசரக் கருத்தடை மாத்திரை மசோதாவை வீட்டோ பண்ணினாரு, அதாவது ஒப்புதல் கொடுக்காம நிராகரிச்சாரு. மறுநாள் பாஸ்டன் பத்திரிகையில கட்டுரை எழுதி, நான் இப்போ கருக்கலைப்புக்கு எதிரானவன்னு அறிவிச்சாரு. ஆனா செப்டம்பர்ல சட்டமன்றம் அந்த வீட்டோவைத் தூக்கி எறிஞ்சு மசோதாவைச் சட்டமாக்கிடுச்சு. ஆக, இவர் ஈடா வச்சதுக்குக் கடைசியில மதிப்பே இல்ல. கடன் கேட்டுப் போற ஆளு கவரிங் நகையை அடகு வச்ச மாதிரி.

இதுக்கு மேல அவர் மோர்மன். இவாஞ்சலிக்கல் ஆளுங்கள்ல பல பேர் கிறிஸ்தவம்னே ஒத்துக்காத தனிப் பிரிவு அது. 2007 டிசம்பர் 6-ம் தேதி டெக்சாஸ்ல மத நம்பிக்கை பத்தி முழுசா ஒரு உரை கொடுத்தாரு. அதுல மோர்மன்ங்கிற சொல் எத்தனை தடவை வருது தெரியுமா? ஒரே ஒரு தடவை. ஒரு மாசம் கூட ஆகல, ஜனவரி 3-ம் தேதி அயோவாவுல பாப்டிஸ்ட் பாதிரியாரா இருந்த மைக் ஹக்கபி 34 சதவீதம், ரோம்னி 25.

2012-ல கட்சியோட அதிபர் வேட்பாளர் ஆயிட்டாரு, அது வேற கதை. ஆனா அந்த வருஷம் மார்ச்லயே அவரோட ஆலோசகர் ஒருத்தர் டிவியில உளறினாரு: பொதுத் தேர்தலுக்கு எல்லாத்தையும் புதுசா ஆரம்பிக்கலாம், எட்ச்-எ-ஸ்கெட்ச் மாதிரின்னு. குலுக்கினா எழுதினது அழிஞ்சிடுமே, அந்தப் பொம்மை ஸ்லேட்டு. போட்டி வேட்பாளர்கள் மேடைக்கு மேடை அந்தப் பொம்மையைத் தூக்கிக் காட்டினாங்க.

இப்போ டிரம்ப். இவரோட கதை இன்னும் பலவீனம். 2016 ஜனவரியில இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவங்களோட லிபர்ட்டி பல்கலைக்கழகத்துல பைபிளைச் சொல்றப்போ, "செகண்ட் கொரிந்தியன்ஸ்"னு சொல்லாம "டூ கொரிந்தியன்ஸ்"னாரு. நம்ம சர்ச்ல யாராவது இரண்டாம் கொரிந்தியரை "ரெண்டு கொரிந்தியர்"னு வாசிச்சா, அந்த ஊர்க்காரங்க ரெண்டு பேர் வாசல்ல வந்து நிக்கிறாங்கன்னுதான் தோணும். மார்ச்ல அதைவிட மோசம். கருக்கலைப்பு செய்ற பெண்ணுக்குத் தண்டனை வேணும்னு சொல்லிட்டு, அன்னிக்கே வாபஸ். கருக்கலைப்பை எதிர்க்கிற அமைப்புகளே அதை ஒத்துக்கல. பாடத்தைப் பாதி படிச்சுட்டு பரீட்சைக்கு வந்தவருன்னு அப்பட்டமா தெரிஞ்சுது.

ஆனா ஈடு வச்சாரு பாருங்க, அதுதான் விஷயம். பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஸ்காலியா இறந்து ஒரு நாற்காலி காலியா கிடந்தது. மே 18-ம் தேதி 11 பேரோட பட்டியலை வெளியிட்டாரு: இந்த மாதிரி ஆளுங்களைத்தான் நியமிப்பேன்னு. செப்டம்பர்ல இன்னும் 10 பேர். மொத்தம் 21 பேர். இதுக்கு முன்னால எந்த வேட்பாளரும் இப்படிப் பேரை எழுதி நீட்டினது கிடையாது. நடுவுல ஜூலையில மைக் பென்ஸைத் துணை அதிபர் வேட்பாளரா சேர்த்துக்கிட்டாரு. பென்ஸ் மேல இந்த இவாஞ்சலிக்கல் கூட்டத்துக்குச் சந்தேகமே கிடையாது.

அப்போ வாக்காளர் என்ன யோசிச்சாரு? இவருக்கு பக்தி இருக்கா இல்லையான்னு நமக்கு எதுக்கு, பட்டியல் கையில இருக்கு. அந்த வருஷ எக்ஸிட் போல்ல, சுப்ரீம் கோர்ட் நியமனம்தான் தனக்கு மிக முக்கியம்னு சொன்னவங்க 21 சதவீதம். அதுல 56 சதவீதம் டிரம்புக்குப் போச்சு. வெள்ளை இவாஞ்சலிக்கல் ஓட்டுல பத்துக்கு எட்டு.

சரி, மூணு நீதிபதிகளை நியமிச்சு, 2022 தீர்ப்போட கடனைத் திருப்பிக் கொடுத்தாச்சு. அப்புறம்தான் தலைவலி. தீர்ப்பு வந்து ஆறு வாரம் கூட ஆகல, கான்சஸ் மாநிலத்துல வாக்கெடுப்பு. சிவப்பு மாநிலம், அதாவது ரிபப்ளிகன் கோட்டை. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்துல இருந்து எடுக்கணுமான்னு கேட்டாங்க. 59 சதவீதம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. 2023-ல ஒஹாயோ போய் அந்த உரிமையைச் சாசனத்துலயே எழுதி வச்சுடுச்சு.

அதனால 2024 ஏப்ரல் 8-ம் தேதி ஒரு வீடியோ: இதை மாநிலங்களே முடிவு பண்ணட்டும். ஜூலையில வந்த கட்சித் திட்டத்துல, நாடு முழுக்கத் தடை கேட்டிருந்த பழைய வரிகள் காணோம். இது எதிர்ப் பக்கம் அடிச்ச அரைப் பல்டி. பென்ஸ் கண்டிச்சாரு, சில அமைப்புகள் முணுமுணுத்தது, ஓட்டு மட்டும் நகரல. அந்த வருஷமும் பத்துக்கு எட்டுதான். வாங்கின கடனை ஒரு தடவை வட்டியோட அடைச்சவரு மேல அவ்வளவு சீக்கிரம் கோபம் வராது.

ஆனா அந்த நாணயத்துக்கும் ஒரு எல்லை இருந்துச்சு. ஃப்ளோரிடாவுல ஆறு வாரத்துக்கு மேல கருக்கலைப்புக்குத் தடை. அதை மாத்துற திருத்தத்துக்கு டிரம்பும் அந்த ஊர் வாக்காளரா ஓட்டுப் போடணும். ஆகஸ்ட் 29-ம் தேதி, ஆறு வாரம் பத்தாது, அதுக்கு மேல வேணும்னுதான் ஓட்டுப் போடுவேன்னாரு. ராத்திரியோட ராத்திரியா பழைய கூட்டத்துக்கிட்ட இருந்து ஏகப்பட்ட கண்டனம். 30-ம் தேதி: திருத்தத்தை எதிர்த்துத்தான் ஓட்டு. நவம்பர்ல அந்தத் திருத்தத்துக்கு 57 சதவீதம் ஆதரவு கிடைச்சும் தோத்துச்சு, ஏன்னா அங்க 60 வேணும்.

ஒபாமா ஒருபால் திருமணத்துல இதையே தலைகீழா எப்படிச் செஞ்சாருன்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம்.