வாளித் தண்ணீர் மழையாகாது

நடுவர் அவர்களே, வணக்கம். "வில்லாளர்கள் கட்டளைக்குக் காத்திருந்து ஒரே நேரத்தில் அம்பு விடுவது போர்ப்படத்துக்குப் பலமா, பலவீனமா?" என்பது தலைப்பு. பலவீனமே என்பது எங்கள் அணி.

"தளபதி கையை உயர்த்துகிறார், ஆயிரம் வில் வளைகிறது, அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது" என்றார் எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்ளட்டும், அதற்கென்ன! நாணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவன் கதி?

1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட முழு வில்கள் கிடைத்தன. அவற்றை முழுதாக இழுக்க 45 கிலோவிலிருந்து 80 கிலோவுக்கு மேல் வரை விசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய ஒலிம்பிக் வில்லுக்கு 20 கிலோவைச் சுற்றித்தான். அறுபது கிலோ மூட்டையை இரண்டு மூன்று விரலில் மாட்டி இழுத்துக்கொண்டு, தளபதி "பொறு... பொறு..." என்று வசனம் பேசி முடிக்கும்வரை நிற்க முடியுமா? இரண்டாவது 'பொறு'விலேயே தோள் நடுங்கும். நாண் ஓர் அங்குலம் முன்னே சரியும். சரிந்த அளவுக்கு அம்பின் வேகம் போச்சு. மர வில்லுக்கும் கேடுதான்: வளைத்தே வைத்திருந்தால் உட்பக்க இழைகள் நசுங்கி, வளைவு அப்படியே படிந்து, துள்ளல் குறைந்துவிடும். ஆகவே கனத்த வில்லில் இழுப்பதும் விடுவதும் ஏறக்குறைய ஒரே அசைவு. முதுகைக் கொடுத்து, உடம்பையே வில்லுக்குள் சாய்த்து, நாண் காதோரம் வந்ததும் விட்டுவிட வேண்டும்.

படத்தில் மட்டும் எப்படி அசையாமல் நிற்கிறார்கள்? பாதுகாப்புக்காகக் கொடுத்த இலேசான வில்! கூர்ந்து பாருங்கள்: முழங்கை தொங்கும், நாண் கன்னத்துக்குக்கூட வராது, அம்பு நழுவாமலிருக்க ஆள்காட்டி விரல் அதைக் கட்டிப்பிடித்திருக்கும். பறக்கிற அம்பு கணினி போட்டது.

கட்டளைக்குக் காத்திருந்து ஒன்றாக விடும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத் துப்பாக்கியிலிருந்து. குண்டு போட நேரமாகும், குறியும் தப்பும். அதனால் வரிசையாக நின்று ஒன்றாகச் சுட்டார்கள். முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய்க் குண்டு போட, அடுத்த வரிசை சுடும் முறையை விளக்கி 1594-இல் நெதர்லாந்துப் படைத்தலைவர் வில்லெம் லோடெவெய்க் எழுதிய கடிதமே இருக்கிறது. துப்பாக்கி விசையில் விரலை வைத்துக் காத்திருப்பவனுக்கு அந்தக் காத்திருப்பில் தசை வலிக்காது. இதை அப்படியே வில்லாளன் தலையில் கட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு வசனம் வேறு: அம்பை "சுடு" என்கிறார் ஒரு தளபதி! நெருப்பே இல்லாத இடத்தில் எதைச் சுடுவது? எய்யச் சொல்லுங்கள் ஐயா!

"அம்பு மாரி என்று நாமே சொல்கிறோமே" என்றது எதிரணி. அந்தச் சொல் எங்கள் கட்சி, நடுவர் அவர்களே! மாரி ஒரேயடியாகக் கொட்டிவிட்டு, பத்து விநாடி ஓய்ந்து, மறுபடி கொட்டுமா? அது வாளித் தண்ணீரை வீசுவது. 500 வில்லாளர்கள், ஆளுக்கு ஆறு விநாடிக்கு ஓர் அம்பு, அவரவர் வேகத்தில் என்று வையுங்கள். விநாடிக்கு எண்பதுக்கு மேல் விழும். கேடயத்தை இறக்க இடைவெளியே கிடையாது. ஒன்றாக விட்டாலோ, மிக மெதுவானவனுக்காக அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். 200 மீட்டருக்கு அம்பு போய்ச் சேரவே நாலைந்து விநாடி. எதிரி வானத்தைப் பார்த்துக் கேடயத்தை உயர்த்துவான், தடதடவென்று விழுந்ததும் இறக்கிவிட்டு ஓடிவருவான். விநாடிக்குப் பத்து மீட்டர் பாயும் குதிரைக்கு அந்தப் பத்து விநாடி ஓய்வில் நூறு மீட்டர் இலாபம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் அம்புக்குச் சைகை உண்டு. 1415-இல் பிரான்சின் அஜின்கோர்ட் களத்தில் ஆங்கிலேயத் தளபதி தாமஸ் எர்பிங்ஹாம் கோலை மேலே வீசியெறிந்து அடையாளம் காட்டியதாகக் குறிப்பு இருக்கிறது. அது தொடங்குவதற்கான சைகை. அதற்குப் பிறகு ஒவ்வோர் அம்புக்குமா கோலை எறிந்து பொறுக்கிக்கொண்டிருப்பார்? ஒரு கட்டு 24 அம்பு. நிமிடத்துக்கு ஆறு விட்டாலும் நான்கு நிமிடத்தில் தீர்ந்துபோகும். தளபதியின் உண்மையான கவலை அம்புக் கட்டுகள் முன்வரிசைக்கு வந்து சேர்வதுதான். அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் பையனை எத்தனை படத்தில் பார்த்தோம்?

"அப்படியானால் காட்சி அழகு?" என்பார்கள். முப்பது பேரை நிறுத்துங்கள், ஆளுக்கொரு தாளத்தில் இழுக்கவிடுங்கள். ஒருவன் அம்பை நாணில் பூட்டும்போது பக்கத்தில் இருப்பவன் விட்டிருப்பான், அவனுக்கு அடுத்தவன் தோளை உருட்டிக்கொண்டிருப்பான். ஒலிப்பதிவாளரிடம் ஒற்றை 'விஷ்' வேண்டாம், நாண் அதிரும் ஓசை விட்டுவிட்டு, ஓயாமல் வேண்டும் என்று சொல்லுங்கள். பிறகு காமிராவைக் கேடயத்துக்கு அடியில் கொண்டுபோய், எப்போது தலையை வெளியே நீட்டலாம் என்று தெரியாமல் குந்தியிருப்பவன் முகத்தில் வையுங்கள். மணி அடிக்கிறீர்கள், அமர்கிறேன்.