சீகைய முளையிலயே பிடுங்குங்க

மேடையில இருக்கிற தலைவர் ஐயா அவர்களே, வேலையப் போட்டுட்டு வந்திருக்கிற ரேஞ்சர் ஐயா, வாடகை வாங்காம ஹாலத் தந்த சங்கச் செயலாளர் அண்ணன், முன்வரிசை டீச்சர்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யார் பேராவது விட்டுப்போயிருந்தா மன்னிக்கணும்.

பருவநிலை மாறுறது செடிகொடிய என்ன பண்ணுதுன்னு ரெண்டா சொல்றேன்: பூக்குற காலம், நம்ம நீலகிரிப் புல்வெளி. பூ பூக்குறதும் தேனீ வர்றதும் ஒண்ணா அமையணும், வெயில் முன்னபின்ன ஆனா ரெண்டும் தப்பிப்போகும். புல்வெளிக்கு வினையா வந்திருக்கிறது சீகை, அதாங்க வாட்டில் மரம், அதப் பத்தித்தான் இன்னைக்கு முக்கியமாப் பேச வந்தேன்.

"முளையில கிள்ளாதத மரமானா கோடாலி போட்டுத்தான் வெட்டணும்"னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. அவலாஞ்சி பக்கம் எருமை மேய்க்கிற ஒரு தோடர் பெரியவரப் பார்க்கப் போயிருந்தேன், காபி குடுத்துட்டு வா தம்பின்னு மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அந்தக் காலத்துல தை மாசம் விடியக்காலைல புல்லெல்லாம் பனி உறைஞ்சு வெளுத்துக் கிடக்கும், எருமை கால் வச்சா நொறுநொறுன்னு சத்தம் கேக்கும், புல்லுக்குள்ள முளைச்ச மரக்கன்னெல்லாம் கருகிடும்னாரு. சொல்லிக்கிட்டே விரல் உசரச் சீகைக்கன்ன ரெண்டு விரலால பிடுங்கிட்டாரு. அடுத்தது இடுப்பு உசரம், நானும் அவரும் சேர்ந்து இழுத்தோம், கை தோலு உரிஞ்சதுதான் மிச்சம், அசையல. அதுக்கு அந்தப் பக்கம் ஒரே சீகைக்காடு, அவர் அப்பா எருமை மேய்ச்ச இடமாம் அது.

இதுதாங்க விஷயம். உறைபனி மரக்கன்ன அடக்கி வச்சதாலதான் புல்வெளி புல்வெளியாவே இருந்துச்சு. ராத்திரிக் குளிர் குறையக் குறைய, வெள்ளைக்காரன் ஆஸ்திரேலியாலருந்து கொண்டாந்த சீகைக்குக் கொண்டாட்டம், காத்துல கூடுற கார்பன் டை ஆக்சைடும் புல்ல விட மரத்துக்குத்தான் சாதகம். குளிரத் தேடிப் புல்லு இன்னும் உசரத்துக்கு ஏறித் தப்பிக்கலாம்னா, நீலகிரியோட உச்சி தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அதுக்கு மேல வானம். 12 வருஷத்துக்கு ஒருக்கா பூக்குற நீலக்குறிஞ்சி, நம்ம மாநில விலங்கு வரையாடு, தோடர் கோயில் கூரைக்கு வேய்ற புல்லு எல்லாம் இந்தப் புல்வெளியில இருக்கிறதுதான்.

2022லயே அயல் செடிகள அகத்துறதுக்கு அரசு கொள்கை வந்தாச்சு. பெரிய மரத்த வெட்டினாப் போதாது, மண்ணுக்குள்ள விதை பல வருஷம் கிடந்து முளைக்கும். அதனால மிச்சமிருக்கிற புல்வெளியில முளைக்கிற சீகைக்கன்னுல முதல்ல கை வைங்கன்னு கேக்குறோம், முளையில கிள்ளாதத அப்புறம் கோடாலிதான்! மழை பெஞ்சு மண்ணு இளகியிருக்கிறப்பவே வருஷா வருஷம் கன்ன வேரோட பிடுங்கணும், அந்த வேலைய இங்க இருக்கிற பசங்களுக்கே கூலி குடுத்துத் தரணும். மனு வாசல் மேசையில இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, ரேஞ்சர் ஐயா கையிலயே இன்னைக்குக் குடுத்துடலாம்.