எங்கள் முதல் முழு அல்பம் வருகிறது: பொகவந்தலாவையிலிருந்து ஹெவி மெட்டல்

வணக்கம் உறவுகளே. வெளியே மழை கொட்டுகிறது, தகரத்தில் விழும் சத்தம் உங்களுக்கும் கேட்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மழை விடும் வரைக்கும் என்னால் காத்திருக்க முடியவில்லை. இதோ, கையில் இருப்பதுதான் இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் இருக்கும் எங்கள் ஹெவி மெட்டல் பேண்டின் முதல் முழு அல்பம். எட்டுப் பாட்டு, 43 நிமிடம். வருகிற வெள்ளிக்கிழமை வெளியாகிறது.

இதற்கு முன்னால் மூன்று பாட்டுகளைத் தனித்தனியாக விட்டோம். அப்புறம் ஏன் ஒரு வருடமாகச் சத்தமே இல்லை என்று நிறையப் பேர் கேட்டீர்கள். முழு அல்பத்தை இப்போது யார் உட்கார்ந்து கேட்கிறார்கள், மாதம் ஒரு பாட்டாக விடலாமே என்று எங்கள் கிட்டார் தம்பியும் சொன்னான். நான்தான் சம்மதிக்கவில்லை. முதல் பாட்டு, தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையில் மாத்தளை வரைக்கும் நடந்து வந்த நம் ஆட்களில் தொடங்குகிறது. கோப்பிக் காலம், 1869இல் கோப்பி இலையில் விழுந்த துரு நோய், தேயிலை, 1948இல் பறிபோன பிரஜாவுரிமை என்று வரிசையாக வந்து, ஆறாவது பாட்டில் கோச்சி, அதாவது ரயில், ஏறுகிறது. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை அதே மன்னார்க் கரைக்குத் திரும்பவும் கொண்டுபோன கோச்சி. முதல் பாட்டில் கிட்டார் திரும்பத் திரும்ப வாசிக்கும் ரிஃப் அந்த இடத்தில் தலைகீழாக, கடைசிச் சுரத்திலிருந்து முதல் சுரத்துக்கு வரும். அந்தப் பாட்டை மட்டும் தனியாகக் கேட்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?

சரி, மெட்டல் எப்படி நமக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளாக் சபாத் பேண்டின் முதல் அல்பம் 1970 பெப்ரவரி 13இல் வந்தது. அதில் கிட்டார் வாசித்த டோனி அயோமி, பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்த பையன். 17 வயதில், வேலையின் கடைசி நாளில், மெஷினில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். கம்பியை அழுத்தினால் வலிக்கும் என்பதால் மெல்லிய கம்பி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த சத்தத்துக்குப் பின்னால் அந்த விரல்களும் இருக்கின்றன. எங்கள் பாடகனின் அப்பாவுக்குத் தேயிலை ரோலரில் ஒரு விரல் போனது. இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை, கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் மகனிடம் அந்த ஆளின் பாட்டைப் போடு என்றாராம்.

நாங்களும் சுருதியை இறக்கித்தான் வாசிக்கிறோம். சாதாரணமாகக் கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், எங்களுடையது 65. லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு, அதில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர்தான். அதனால் நான் இரண்டு வருடம் பழைய டயரில்தான் டபுள் பெடல், அதாவது இரண்டு காலாலும் ட்ரம் மிதிப்பது, பழகினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாசிகசாலையைத் திறந்து தருவார்கள், அங்கே உண்மையான ட்ரம்ஸ்.

ஆறாவது பாட்டுக்கு வருகிறேன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். நம் மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று எண்ணிப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னார் வரைக்கும் கோச்சி, அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுத அழுகையால் நம் ஆட்கள் அதை ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னார்கள். என் அம்மாயியின் தங்கை அந்தக் கோச்சியில்தான் போனார். கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலை வேலை. அக்காவும் தங்கையும் அதன் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை.

அந்தப் பாட்டுக்கு அம்மாயி ஒப்பாரி பாட வேண்டும் என்று கேட்டேன். "யாருடா செத்தா, வீட்டுக்குள்ள ஒப்பாரி வைக்கச் சொல்ற?" என்று ஏசிவிட்டார். அவர் சொன்னது சரிதான், சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது. ஒரு வாரம் கழித்து அவரே வந்து, மலைக்குப் போகலாம், அங்கே பாடுகிறேன் என்றார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்து, தங்கச்சியின் பெயரைச் சொல்லிப் பாடினார். மைக்கைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது. ஒரே தடவைதான். இன்னொரு டேக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாயியின் பாட்டுக்குக் கிளிக், அதாவது காதில் தாளம் எண்ணும் சத்தம், கிடையாது. ஒரு வரி நீளும், அடுத்தது மூச்சு முட்டிப் பாதியில் நிற்கும். முதலில் அதை வெட்டி ஒட்டி நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்துக்குள் அடக்கப் பார்த்தோம். உயிரே போய்விட்டது. அதனால் கிளிக்கை நிறுத்திவிட்டு, ஹெட்போனில் அவருடைய குரலை மட்டும் கேட்டு, அவர் மூச்சு இழுக்கும் இடத்தில் கிட்டாரும் ட்ரம்ஸும் விழுகிற மாதிரி வாசித்தோம். பழக மூன்று மாதம் ஆனது. எங்கள் பாடகன் அம்மாயி பாடும் அந்த இரண்டு நிமிடமும் வாயே திறக்க மாட்டான்.

அப்புறம் தப்பு என்கிற நம் பறை. அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்னால் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற இடத்துக்கு, கூப்பிட அடித்ததும் தப்புத்தான், காமன் கூத்துக்கும் சாவுக்கும் அடிப்பதும் அதுதான். இங்கே இருக்கிற பனிக்குத் தோல் உடனே தளர்ந்துவிடும். வாசிகசாலை வாசலில் நெருப்பு மூட்டி, காய்ச்சிக் காய்ச்சிக் கொண்டுவந்து அடித்தார்கள். அடித்த அண்ணன்மார் இருவரும் கொழுந்து லொறியில் வேலை செய்கிறவர்கள்.

எல்லாச் சத்தத்தையும் அளவாகச் சேர்க்கும் மிக்ஸிங்குக்கு நாங்கள் முதலில் கொடுத்த இடத்தில் தப்பை மிகவும் கீழே இறக்கிவிட்டார்கள், கலருக்கு மட்டும் இருந்தால் போதுமாம். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. கொடுத்த காசு போனாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, நாங்களே கற்றுக்கொண்டு மிக்ஸ் பண்ணினோம். மெட்டலில் காலால் மிதித்து அடிக்கும் கிக் ட்ரம் தெளிவாகக் கேட்க 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றுவார்கள். தப்பில் சிண்டுக்குச்சி என்கிற மெல்லிய குச்சி விழும் சத்தமும் அங்கேதான் இருக்கிறது, இரண்டும் மோதிக்கொள்ளும். கடைசியில் கிக்கில் நான் சில அடிகளையே விட்டுவிட்டேன். அந்த இடத்தில் தப்பு பேசட்டும்.

கண்டியிலிருந்து பாரனொய்ட் எர்த்லிங், கொழும்பிலிருந்து ஸ்டிக்மாட்டா என்று நாட்டில் நமக்கு முன்னால் வழி போட்ட பேண்டுகள் இருக்கின்றன. லயத்துத் தமிழில் ஒரு முழு மெட்டல் அல்பம் வேண்டும் என்பது என் ஆசை. பள்ளிக்கூடத்தில் டெஸ்க்கைத் தட்டிக்கொண்டிருந்த நாளிலிருந்தே.

அம்மாயிக்கு முழுவதையும் நேற்று போட்டுக் காட்டினேன். சத்தம் கூடுதல் என்றார். ஆறாவது வந்ததும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன் முதல் நிமிடத்தை இப்போது போடுகிறேன். தொடக்கத்தில் வருவது கொட்டகலை ஸ்டேஷன் மேடையில் நின்று பதிவு செய்த கோச்சிச் சத்தம். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.