மண்டபத்தில் விருந்தாளி, தோப்பில் உறவுக்காரர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிறந்தநாள் விடுமுறையை உற்றார் உறவினரோடும் நண்பர்களோடும் கொண்டாட ஏற்ற இடம் மண்டபமா, திறந்தவெளியா என்பதுதான் வழக்கு. திறந்தவெளியே என்று வாதாட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் மண்டபத்தின் பெருமைகளை வரிசையாகச் சொன்னார். குளிர்சாதனம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, பெரியவர்களுக்கு நாற்காலி இருக்கிறது, மழை வந்தாலும் நனைய வேண்டாம் என்றார். எல்லாம் இருக்கிறது அண்ணா. அங்கே பிறந்தநாள் எங்கே இருக்கிறது என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மணிக்கு வரச்சொல்லி அழைப்பு வரும். புகைப்படக்காரர் வராததால் ஏழரை வரை கேக் வெட்ட மாட்டார்கள். அவர் வந்ததும் குழந்தையைத் தூக்கி மேடையில் நிறுத்துவார்கள். சட்டையின் ஜரிகை கழுத்தில் குத்துகிறது என்று அது வீறிட்டு அழும். "இங்கே பார், இங்கே பார்" என்று நான்கு பேர் கைதட்டுவார்கள். கீழே மாமா, சித்தி, அலுவலக நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு வரிசை. முறை வந்ததும் உறையைக் கொடுத்து, படத்துக்குச் சிரித்து, பந்தியைப் பார்த்து நகர்ந்துவிடுவார்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே பாட்டி உட்கார்ந்திருப்பார். "சௌக்கியமா பாட்டி?" என்று யாராவது கத்தினால், "சாப்பிட்டேன்" என்பார். உரையாடல் அத்தோடு முடிந்தது. ஒன்பதரை மணிக்கு மண்டப மேலாளர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்குவார்.

இப்போது எங்கள் பக்கம் வாருங்கள். கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யாராவது ஓர் உறவினருக்கு ஒரு தோப்பு இருக்கும். சனிக்கிழமை மாலையே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு. பெரிய பாத்திரத்தில் அரிசிம்பருப்புச் சாதம். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: அரிசி, பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்து இறங்கும், மேலே ஒரு கரண்டி நெய் விட்டால் வேலை முடிந்தது.

அந்த வேலையைச் செய்வது யார் என்பதில்தான் என் வாதமே இருக்கிறது, நடுவர் அவர்களே. வீட்டில் சமையலறைப் பக்கமே வராத பெரியப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். சென்னையிலிருந்து வந்த கல்லூரித் தோழிக்கு அடுப்பு ஊதத் தெரியாது. முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு கற்றுக்கொள்வார். சிறுவர்கள் காய்ந்த மட்டையும் பன்னாடையும் பொறுக்கி வருவார்கள். பாட்டி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, "உப்பை இப்போது போடாதே" என்று உத்தரவு போடுவார். மண்டபத்தில் நாற்காலி மட்டுமே கிடைத்த அதே பாட்டிக்கு இங்கே அதிகாரம் கிடைத்திருக்கிறது! பிறந்தநாள் குழந்தையை இங்கே யாரும் மேடையில் ஏற்றுவதில்லை. அது மண்ணில் குழி தோண்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறது. மண்டபம் எல்லோரையும் விருந்தாளியாக்கி உட்கார வைக்கிறது. தோப்பில் எல்லோர் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. கை வேலை செய்யும்போது வாய் தானாகப் பேசும். எட்டு ஆண்டுகளாகப் பேசாத இரண்டு சம்பந்திகள்கூட, "அந்தக் கரண்டியை இப்படிக் கொடுங்கள்" என்றாவது பேசித்தான் ஆகவேண்டும்.

இரவு நிலா வெளிச்சத்தில் குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து, கையில் உருண்டை உருட்டிக் கொடுத்தால் ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட இரண்டு உருண்டை கூடுதலாகச் சாப்பிடும். தலையில் தேங்காய் விழாதா என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. கட்டிலைத் தென்னையடியில் போடாமல் களத்தில் போடும் அறிவு எங்களுக்கு உண்டு, ஐயா.

மறுநாள் ஞாயிறு, பவானி ஆற்றில் கொடிவேரி அணை. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுக்கும் அதே அணை. தடுப்பைத் தாண்டி அருவிபோலக் கொட்டும் தண்ணீரில் குளித்து, பரிசலில் ஒரு சுற்றுப் போய், ஈரத் தலையோடு நின்று வறுத்த மீன் சாப்பிடுவதற்கு ஈடாக எந்தப் பந்தியைக் காட்டுவீர்கள்?

எதிரணித் தங்கை ஒருவர், "ஊருக்கு வெளியே போய் உண்பது வெள்ளைக்காரன் பழக்கம்" என்றார். அப்படியானால் கேக்கும் மெழுகுவத்தியும் கொல்லிமலையில் விளைந்தவையா? ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரைக்கு வந்து பாருங்கள், அம்மா. புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், தயிர்ச்சாதம் என்று தூக்குகளில் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். தஞ்சைப் பக்கம் பிள்ளைகள் சின்னச் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆற்றுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது போலத்தான் அந்த நாள் இருக்கும். அதற்கு மண்டபம் பிடித்தவர் யாரும் இல்லை.

அடுத்து, ஆபத்து என்றார்கள். இதைக் கேலி செய்து கடந்துபோக மாட்டேன். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். மலையின் மேலே பெய்யும் மழை, கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாமலே வந்து இறங்கிவிடும். அதனால்தான் பவானிசாகரில் கூடுதலாகத் தண்ணீர் திறக்கும் நாட்களில் கொடிவேரியில் குளிக்கத் தடை போடுகிறார்கள். அந்த நாளில் நாங்கள் ஆற்றுப் பக்கம் போவதில்லை; தோப்போடு சரி. திறந்தவெளி என்றாலே அருவி என்று யார் சொன்னது? ஏரிக்கரை உண்டு, கடற்கரை உண்டு, களத்துமேடு உண்டு. மண்டபத்தில் ஆபத்தே இல்லை என்ற பேச்சையும் ஏற்க மாட்டேன். எரியும் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் நுரைத் தெளிப்பானை அடிக்கிறீர்கள். அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் அடைத்த பலூன் வெடித்தால் கைகால் சுட்டுவிடும். இவற்றை வைத்துக்கொண்டா பாதுகாப்பைப் பேசுகிறீர்கள்?

குப்பை என்று ஒரு குற்றச்சாட்டு வைத்தார்கள். அதில் பெரும்பகுதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். மலையில் வீசப்படும் மது பாட்டில்களின் உடைசல் யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில்தான், உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-இல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும். இதையெல்லாம் கேட்ட பிறகும் பிறந்தநாள் என்றவுடன் நாற்பது பேர் வேன் பிடித்து ஊட்டிக்கு ஓடினால், நான் எதிரணிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நான் பேசுவது அரை மணி நேரத்தில் போய்ச்சேரும் இடத்தைப் பற்றி. வாழை இலையில் சாப்பிட்டால் மிச்சம் மாட்டுக்கு; மற்றது ஒரு சாக்கில் வீட்டுக்கு. காப்புக்காட்டில் அடுப்பு மூட்டுவது குற்றம், அதையும் நாங்கள் செய்வதில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. மண்டபத்துப் பந்திகளில் அந்தத் தடை எப்படி நடக்கிறது என்று அண்ணனே மனசாட்சியோடு சொல்லட்டும்!

கழிப்பறை என்ற கேள்வி பெண்களின் கேள்வி. இதுதான் எதிரணியின் ஒரே பலமான வாதம் என்று ஒரு பெண்ணாக நான் சொல்கிறேன். புதருக்குப் பின்னால் போங்கள் என்று சொல்லும் ஆண்களை நம்பி எந்தப் பயணத்தையும் திட்டமிடாதீர்கள். கிணற்றடியில் குளியலறையும் கழிப்பறையும் உள்ள தோட்டத்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள். அது கிடைக்காவிட்டால் பவானிசாகரைப் போல அணையை ஒட்டிப் பூங்கா அமைத்திருக்கும் இடங்களைப் பாருங்கள். அங்கேயும் கழிப்பறையின் நிலையை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். இடம் தேர்வு செய்யும் பொறுப்பைப் பெண்களிடம் விட்டால் இந்தச் சிக்கலில் பாதி அப்போதே தீரும்.

மீதி மழைதான். "ஐப்பசியில் பிறந்த பிள்ளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று மேசையைத் தட்டிக் கேட்டார் அண்ணன். சித்திரை வெயிலில் பிறந்த பிள்ளைக்கு மாலை நான்கு மணிக்கு மேல் கிளம்புவோம். ஐப்பசிப் பிள்ளைக்கு, பிறந்த தேதியன்று வீட்டில் பாயசம். வானம் வெளுத்த வாரக் கடைசியில் தோப்பு. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர்தான் புயலே வந்தாலும் தேதியை மாற்ற முடியாமல் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் கேக் வெட்ட வேண்டும். தோப்புக்கு முன்பணம் கிடையாது அண்ணா, அடுத்த ஞாயிறு போய்க்கொள்வோம். நடுவர் அவர்களையும் அழைக்கிறேன். வெங்காயம் உரிக்க ஓர் ஆள் குறைகிறது. வணக்கம்.