காளையும் காலையும்

வணக்கமுங்க.

நான்காம் வகுப்புப் பையன். வீட்டில் காங்கேயம் மாடுகள். அவனுக்காகவே கண்ணபுரம் மாட்டுச் சந்தையைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். 'சந்தை' என்பதைச் 'சத்தம்' என்றான், 'காளை'யைக் 'காலை' என்றான். நாலு வரிக்கு ஐந்து நிமிடம். "என்ன கண்ணு புரிஞ்சுது?" என்றேன். "ஒண்ணுந் தெரியலீங் டீச்சர்."

அதையே நான் வாசித்தேன். நடுவிலேயே நிறுத்திவிட்டான். "மயிலைக் கன்னுன்னு எழுதிப்போட்டீங்க. கன்னுல செவலையாத்தானுங் இருக்கும். வளர வளரத்தான் மயிலையாகும்." செவலை என்றால் சிவப்பு, மயிலை என்றால் சாம்பல் நிறம். தப்பு என்னுடையதுதான். இவனுக்கா புரியவில்லை என்று இத்தனை நாள் மதிப்பெண் போட்டேன்!

எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிதல் என்று 1986-இல் கஃப், டன்மர் என்ற இருவர் எழுதினார்கள். ஒன்று சுழியானால் விடையும் சுழிதானே. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடிப்பது அந்த முதல் பாதி. புத்தியில் குறைவில்லை.

நம் எழுத்தும் லேசுப்பட்டதல்ல. 'கெ' என்று எழுதினால், பின்னால் ஒலிக்கிற எகரத்துக்கு உரிய கொம்பு முன்னால் நிற்கும். மாட்டுக் கொம்புக்கு அஞ்சாதவன் இந்தக் கொம்புக்கு மிரள்கிறான். 'படித்துக்கொண்டிருந்தான்' என்றால் 12 எழுத்து. கடைசி 'ன்' வருவதற்குள் 'படி' மறந்துபோகும். அதனால் பென்சிலால் கோடு போட்டு மூன்று துண்டாக்கிக் கொடுக்கிறேன். முதலில் நான் வாசிப்பேன், அப்புறம் இருவரும் சேர்ந்து, கடைசியில் அவன் மட்டும். அருஞ்சொற்களை முன்கூட்டியே பேசிவிடுவோம். பத்தி முடிந்ததும் படம் வரைவான், இல்லை வாயால் சொல்வான். வகுப்பு முன்னால் எழுப்பி வாசிக்க வைப்பதில்லை. 'பத்துத் தடவை எழுதிட்டு வா' என்பதும் கிடையாது. நானும் ஒரு காலத்தில் அதைச் செய்தவள்தான்.

"படிப்பு ஏறலீங்க, பனியன் கம்பெனிக்கு அனுப்பிச்சரலாம்" என்று சொல்லும் பெற்றோருக்கு ஒன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

பையன் போன வாரம் வாசித்தான். 'ஒரு காலை நல்ல விலைக்குப் போனது' என்றவன், விரலை அங்கேயே வைத்துக்கொண்டு யோசித்தான்.

"காலையை எப்புடீங் டீச்சர் விப்பாங்க? காளை!"