அத்தை கேட்ட கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். நாவலை எழுதி முடித்துவிட்டேன் என்று சொன்னால், எப்போது புத்தகமாக வரும் என்றுதான் கேட்கிறார்கள். யாரிடம் படிக்கக் கொடுத்தீர்கள் என்று கேட்பவர் குறைவு. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

என் நாவல் ஒரு நெசவாளர் வீட்டைப் பற்றியது. முதல் பிரதியை மூன்று மாதம் அலமாரியில் பூட்டி வைத்தேன். அப்புறம் வாய்விட்டுப் படித்துத் திருத்தி, நிறைய நாவல் படிக்கிற நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். "நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டாம். எங்கே படிப்பு நின்றதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள், போதும்" என்றேன்.

ஏழாம் அத்தியாயம் முழுக்கக் கோடு. கதாநாயகியின் அண்ணன் ஊரைவிட்டுப் போகிற இடம். அவனை இன்னும் நல்லவனாகக் காட்டலாமே என்றார் நண்பர். அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. ஆனால் கோடு விழுந்த இடம் சரி. அவன் ஏன் போகிறான் என்று தெரியாமலேயே எழுதியிருந்தேன்.

அமெரிக்க நாவலாசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் இது நடந்தது. 'தி கிரேட் கேட்ஸ்பி'யின் பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ், 1924 நவம்பரில், கதாநாயகன் கேட்ஸ்பி மங்கலாகத் தெரிகிறான் என்று எழுதினார். அவன் எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்பது தனக்கே தெரிந்திருக்கவில்லை, அதைத்தான் நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள் என்று ஃபிட்ஸ்ஜெரால்டு பதில் போட்டார். அச்சுக் கோத்து வந்த தாள்களிலேயே நிறைய மாற்றி எழுதினார். 1925 ஏப்ரலில் நாவல் வெளிவந்தது.

என் இரண்டாவது வாசகர் அத்தை. நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். இப்போது கண் சரியாகத் தெரியாததால் நான்தான் படித்துக் காட்டினேன். "ராத்திரி முழுக்க மழைங்கிற, விடிஞ்சதும் தெருவுல பாவு நீட்டிக் கஞ்சி போடுறாங்கங்கிற. எப்படிப்பா காயும்?" என்றார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல். சரி, மழையை எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள், நடுவில் நிறுத்தி, "அந்தப் பொண்ணு எப்பத்தான் சாப்பிட்டா?" என்று கேட்டார்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லோருக்கும் பரிமாறுகிறாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் யோசித்துச் செய்ததல்ல, கவனிக்காமல் விட்டது. அவள் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சியை அன்று இரவே எழுதப் பார்த்தேன். எழுத எழுத, சட்டியில் சோறு இல்லை. அதை வாசலில் நின்று அண்ணன் பார்க்கிறான்.

ஏழாம் அத்தியாயத்தை முழுசாகத் திரும்ப எழுதினேன். அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "மேல படி" என்றார்.