ஒல்லியானவரின் நுண்ணுயிரிகள் கிடைத்தால் நானும் இளைப்பேனா?

சரி, அடுத்த கேள்வி. "குண்டு எலியின் குடல் நுண்ணுயிரிகளை இன்னொரு எலிக்கு மாற்றினால் அதுவும் கொழுக்கிறது என்றீர்களே, ஒல்லியான ஒருவருடையதை எனக்கு மாற்றினால் நான் இளைப்பேனா?" இதைப் படித்துவிட்டு இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர் விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். ஆய்வாளர்களும் இதையேதான் கேட்டார்கள்.

குடல் நுண்ணுயிரிகளை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி கார்டனை நினைவிருக்கிறதா, நுண்ணுயிரியே இல்லாத எலிகளைப் பற்றிப் பேசியபோது சொன்னேனே? 2013-இல் அவரது குழு, ஒருவர் பருமனாகவும் ஒருவர் ஒல்லியாகவும் இருக்கும் இரட்டையர்களைத் தேடிப்பிடித்து, அவர்களின் மலத்திலிருந்த நுண்ணுயிரிகளை எலிகளுக்குக் கொடுத்தது. பருமனானவருடையதை வாங்கிய எலி கொழுத்தது. அப்புறம் இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும். முகம் சுளிக்காதீர்கள், ஆய்வே அதில்தான் நிற்கிறது! ஒல்லியானவரின் நுண்ணுயிரிகள், கொழுக்க வேண்டிய எலியின் குடலில் குடியேறிவிட்டன, அது கொழுக்கவில்லை. ஆனால் கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து மிகுந்த தீனி போட்டபோதுதான் இப்படி. தீனியை மாற்றிப் போட்டால் குடியேற்றம் நடக்கவில்லை.

மனிதர்களுக்கும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு இன்சுலின் கொஞ்ச காலம் நன்றாக வேலை செய்தது. எடை சொல்லும்படி இறங்கவில்லை.

என்னைக் குடைவது வேறு. குடலுக்குள் யார் தங்கலாம், யார் தங்கக்கூடாது என்று முடிவு செய்வது யார்? நோய் எதிர்ப்பு மண்டலம். பத்து முறை சொல்லியிருப்பேன், பதினொன்றாவது முறையாகச் சொல்கிறேன்: அதன் வேலை அடிதடி மட்டுமில்லை, களையெடுப்பதும்தான். பாக்டீரியா நீந்த உதவும் வாலை அடையாளம் காண டிஎல்ஆர்-5 என்று ஓர் ஏற்பி, அதாவது செல்லில் இருக்கும் உணர்கருவி போன்ற புரதம், இருக்கிறது. அது இல்லாத எலிகளை 2010-இல் கவனித்தபோது, அவை அதிகம் தின்று கொழுத்திருந்தன. அவற்றின் நுண்ணுயிரிகளை, நுண்ணுயிரியற்று வளர்த்த சாதாரண எலிகளுக்கு மாற்றினார்கள். அவையும் அதிகம் தின்ன ஆரம்பித்தன. பசிகூட இடம் மாறுகிறது, பாருங்கள்!

2019-இல் இன்னொன்று. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஆட்களான டி செல்கள் சரியாக வேலை செய்யாத எலிகள் வயதாக ஆகக் கொழுத்தன. அவற்றின் குடலில் குளோஸ்ட்ரிடியா வகை பாக்டீரியாக்கள் குறைந்துபோயிருந்தன. இவை இருந்தால் குடல் கொழுப்பை உறிஞ்சுவது மட்டுப்படும். சரி, வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்பீர்கள். களையெடுக்கிற ஆளே படுத்துக்கிடந்தால், விதைத்தது எத்தனை நாள் நிற்கும்? இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன்.